நாற்பதாவது கட்டம்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த சில நாளில் காரைக்குடியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பிள்ளைகள் மேலேயிருந்து நம்மைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், பெட்டிக்கடைக் கூரை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரி என்று எங்கும் ஃப்ளெக்ஸ். ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் ஒரு எண். சில வருடங்களுக்கு முன்புவரை அந்த முகங்களில் பாதி ஒரே பெண்ணின் கையிலிருந்து வெளியே வந்தவை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஃப்ளெக்ஸ் கடையில் அவர் டிசைனர். ஊரே அவரை அக்கா என்றது. அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவனான நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணே என்றார். ஒருவருக்கொருவர் மூத்தவர்களாக இருந்து எங்கள் காலம் ஓடியது.

நான் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். வருடா வருடம் முதலிடம் பிடித்த பிள்ளைகளின் படங்களையும் மதிப்பெண்களையும் பென் டிரைவில் போட்டு அந்தக் கடைக்குக் கொண்டுபோவது என் வேலை. முதல் தடவை போனபோது வெளியே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெண் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பிரிண்டருக்குச் சூடு ஆகாது என்று முதலாளி ஏசி போட்டிருந்தார். அது நேராக இவர் உச்சந்தலையில் அடித்தது. திசையைத் திருப்பினால் மெஷினுக்குக் காற்று போகாது. ஆகவே அக்கா மட்டும் வருடம் முழுக்க ஊட்டியில் இருந்தார்.

பள்ளியிலேயே முதலாவதாக வந்த பெண்ணின் படத்தைத் திரையில் பெரிதாக்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இந்தப் பிள்ளைக்கு என்னண்ணே தெரியும்?"

"நானூத்தித் தொண்ணூத்தி நாலு" என்றேன்.

"அது வாங்குனது. என்ன தெரியும்னு கேட்டேன்."

அறிவியலில் நூற்றுக்கு நூறு என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. பத்து வருடம் எங்கள் பள்ளியில் இருந்த பிள்ளை பாடுமா, சண்டை போடுமா, மரம் ஏறுமா என்று ஒருவருக்கும் தெரியாதா என்று கேட்டார். ஆள் யாரென்று தெரியாமல் தனக்குக் கலர் வராது என்றார். நான் அலுவலகத்துக்குத் திரும்பி, அந்தக் கடையில் பேச்சு அதிகம், அடுத்த வருடம் வேறு கடை பார்க்கலாம் என்று சொன்னேன். அடுத்த வருடம் வேறு கடையில் கொடுத்தோம். அங்கே முப்பது பிள்ளைகளுக்கும் மஞ்சள் காமாலை வந்ததுபோல முகம் விழுந்தது. மூன்றாம் வருடம் வாயை மூடிக்கொண்டு அக்காவிடமே வந்துவிட்டேன்.

யார் எதற்காக வந்தாலும் அவர் இதே கேள்வியைக் கேட்டார். காதணி விழாவுக்கு வந்த தாய்மாமனிடம், காது குத்தப்போகிற குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பார். கல்யாண பேனருக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையின் பட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தால், சமைப்பாகளா என்று இடையில் நுழைவார். சிலர் சிரிப்பார்கள், சிலர் எழுந்து போய்விடுவார்கள். முதலாளி திட்டுவார். அக்கா குல்லாவைக் காதுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்வார்.

ஒருமுறை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அவருடைய மகன்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். கையில் இருந்த தாளில் அப்பாவின் பட்டங்களும் வகித்த பொறுப்புகளும் பதினேழு வரி. அக்கா முழுதாகப் படித்துவிட்டு, இதில் அப்பா எங்கே இருக்கிறார் என்று கேட்டார். மூத்த மகன் போட்டோவைக் காட்டினார். அக்கா எழுந்து, வாசலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்த அவர்களின் அம்மாவிடம் போனார். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டோவை ஒட்டிக் குந்தி உட்கார்ந்தார். கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர் பதினேழு வரியையும் எறும்பு சைஸுக்குச் சுருக்கிக் கீழே தள்ளிவிட்டு, படத்துக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரே வரி அடித்தார்: இனிமையாக விசிலடிப்பார்.

இது அப்பாவுக்கு மரியாதைக் குறைவு என்று மூத்தவர் சத்தம் போட்டார். அந்த வரி இல்லாவிட்டால் பேனரே வேண்டாம் என்று ஆட்டோவிலிருந்து பதில் வந்தது. குளிக்கும்போது மட்டும்தான் அடிப்பாராம். நாற்பத்தாறு வருடமாக அந்த அம்மாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார்.

துக்கத்துக்கு நானும் போயிருந்தேன், ஏனென்றால் அவர் எனக்கும் தலைமையாசிரியர். ஏழாம் வகுப்பில் விசிலடித்ததற்காக என்னைப் பள்ளிக்கூட வராந்தாவில் நிறுத்தி வைத்துப் பிரம்பால் அடித்தவர். அந்த பேனருக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். கோபப்படுவதா வருத்தப்படுவதா என்று முடிவுக்கு வர முடியவில்லை.

ஃப்ளெக்ஸ் ரோலில் மிஞ்சும் ஓரத் துண்டுகளை முதலாளி அக்காவுக்கு விட்டிருந்தார். மற்ற கடைகளில் அது கோழிக் கூண்டு மூடப் போகும். அக்கா அதில் தன் சொந்த வேலையைச் செய்தார். நாங்கள் முதலிடம் பிடித்த பிள்ளைகளுக்குப் போடுவோமே, தங்க பார்டர், பின்னால் சூரியக் கதிர், மூலைக்கு மூலை நட்சத்திரம், அதே டிசைனில் அந்தத் தெரு ஆட்களைப் போட்டுக் கடை வாசலில் மாட்டுவார். காய்கறி விற்கும் பெண்மணிக்கு, கொசுறு கேட்டால் சிரித்துக்கொண்டே மறுப்பவர் என்று வந்தது. முடிதிருத்தும் கடைக்காரருக்கு, அழும் குழந்தைக்கும் காது நுனியில் கீறல் படாமல் வெட்டுபவர். பழக்கடை பாய்க்கு, தட்டிப் பார்த்தே தர்பூசணியின் உள்நிறம் சொல்வார், தவறியது ஒரே ஒரு முறை.

பாய் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். படமெல்லாம் அருமை, அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றார். அந்த ஒரு தடவையும் தன் தப்பு இல்லை, வாங்கிக்கொண்டு போனவர் ஒரு வாரம் வெயிலில் வைத்திருந்து அறுத்திருக்கிறார் என்று வாதாடினார். நூறு சதவீதம் என்று போட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அக்கா சொல்லிவிட்டார். பாய் முறைத்துக்கொண்டு போனார். ஆனால் அதன்பிறகு பழம் வாங்க வந்தவர்களெல்லாம் அந்த ஒரு தடவை என்ன ஆச்சு என்று கேட்க, அவர் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. ரம்ஜான் வருவதற்குள் கேட்காதவர்களையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் மகள் பத்தாவது எழுதுகிறவரைக்கும்.

அவளும் எங்கள் பள்ளிதான். முடிவு வந்த அன்று அலுவலகத்தில் என் கம்ப்யூட்டரில்தான் எல்லோருடைய மதிப்பெண்ணும் முதலில் வந்தது. இருநூற்று நாற்பத்தெட்டு. ஐந்து பாடத்திலும் தேறியிருந்தாள், அவ்வளவுதான். நான் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல், உன்னை வைத்துக்கொண்டு நான் எப்படி அந்த ஆபீசில் தலை நிமிர்ந்து உட்காருவது என்று கேட்டேன். அவள் உள்ளே போனாள். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை.

ஐந்தாம் நாள் பென் டிரைவோடு அக்காவிடம் போனேன். தாளாளர் அந்த வருடம் பெரிய ஃப்ளெக்ஸ் கேட்டிருந்தார். முப்பத்தொன்பது பிள்ளைகள். அக்கா குறுக்கே எட்டு, கீழே ஐந்து என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு முகமாக நிரப்பினார். கடைசியில் ஒரு கட்டம் காலியாக நின்றது. பள்ளியின் சின்னத்தைப் போட்டுவிடலாம் என்றேன். சின்னம் ஏற்கெனவே இரண்டு இடத்தில் இருக்கிறது என்றார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"உங்க பாப்பாவும் இந்த வருசந்தானண்ணே எழுதுச்சு?"

இன்னும் ரிசல்ட் பார்க்கவில்லை, நெட்வொர்க் கிடைக்கவில்லை என்றேன். முடிவு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அதைப் பார்த்துச் சொன்னவனே நான்தான். அக்கா சிரிக்கவில்லை.

"சரி, அது கெடக்கட்டும். பாப்பாவுக்கு வேற என்ன தெரியும்?"

அவளுடைய பிறந்த தேதி தெரியும், ரத்த வகை தெரியும், ஆதார் எண்ணும் பள்ளிப் பதிவு எண்ணும் மனப்பாடமாகத் தெரியும். எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் எத்தனை வாங்கினாள் என்று எல்.கே.ஜி.யிலிருந்து சொல்ல முடியும். அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஏசி காற்றில் எனக்கு வியர்த்தது.

அக்கா சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். நாளை மறுநாள் சாயங்காலம்தான் பிரிண்ட் போகும், அதற்குள் பார்த்து வந்து சொல்லுங்கள் என்றார்.

இரண்டு நாள் என் சொந்த மகளை நான் வேவு பார்த்தேன். முதல் நாள் அவள் கடைக்குப் போனபோது பின்னாலேயே போய் மின்கம்பத்துக்கு மறைவில் நின்றேன். ஒரு ஷாம்பு பாக்கெட் வாங்கினாள். திரும்பி வரும்போது தெருநாய் ஒன்றைப் பார்த்து ஏதோ சொன்னாள், அது வாலாட்டியது. டைரியில், நாய் இவள் பேச்சைக் கேட்கிறது என்று எழுதிக்கொண்டேன். இதை எப்படித் தங்க பார்டருக்குள் போடுவது என்று விளங்கவில்லை. சாயங்காலம் மாம்பழம் நறுக்கினாள். சுமாராகத்தான் நறுக்கினாள்.

மறுநாள் காலையில் வாளி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். அடுக்களைக்குள் என் குரல் கேட்டது.

"வணக்கம், பள்ளி அலுவலகம். சார் மீட்டிங்ல இருக்காக. இல்லம்மா, என்ன மீட்டிங்னு எனக்கு யாரும் சொல்றதில்ல."

அப்படியே நான்தான். சொல்லி முடித்ததும் மூக்கை உறிஞ்சுவேன், அதுவரை எனக்கே தெரியாது, அதுகூட வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், என் மனைவி கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். ஏழு நாளாக என்னோடு பேசாத பிள்ளை என் குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்து கணக்கு டீச்சர் வந்தார், பிறகு எங்கள் தெரு மீன்காரர் வந்தார். ஒவ்வொருவரும் அந்த அடுக்களைக்குள் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். நான் வாளியோடு சுவரை ஒட்டி நின்று சத்தம் வராமல் சிரித்தேன்.

அப்புறம் மறுபடியும் என் குரல் வந்தது. "உன்னைய வச்சுக்கிட்டு நான் எப்படி அந்த ஆபீஸ்ல தல நிமிந்து உக்கார்றது." அன்று நான் எங்கே மூச்சு வாங்கினேனோ அங்கே மூச்சு வாங்கினாள். கோபத்தில் கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவியிருக்கிறேன் போலிருக்கிறது, அந்த இடைவெளியையும் விட்டாள்.

இதற்கு என் மனைவி சிரிக்கவில்லை. நானும் வாளியைக் கீழே வைக்காமல் அங்கேயே நின்றேன்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் போய், எங்கள் பாப்பா எந்தக் குரலிலும் பேசுவாள் என்று சொன்னேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் போட்டோ கொடுத்தேன். நாற்பதாவது கட்டத்தில் முகம் வந்தது, பெயர் வந்தது. மதிப்பெண் வேண்டாமே என்று மெதுவாகச் சொன்னேன்.

"மறைச்சா அது திருட்டுச் சாமான் மாதிரி ஆயிருமண்ணே. எல்லாருக்கும் போட்ட மாதிரியே போடுவோம்."

248. அதே தங்க நிறம், அதே அளவு. அதற்குக் கீழே, எந்தக் குரலிலும் பேசுவார். பிரிண்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். இந்த வேலையில் கடைசி வார்த்தை என்னுடையது, தப்பு வந்தாலும் என்னுடையது. அனுப்புங்கள் என்றேன்.

ஃப்ளெக்ஸ் பள்ளிச் சுவரில் ஏறியது. வேலை போகும் என்று நினைத்து நான் சாப்பாட்டு டப்பாவைத் தவிர மற்ற சாமான்களை மேஜையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். நான்கு நாள் ஆயிற்று. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தாளாளர் தினமும் அதன் முன்னால் காரில் இறங்கினார். ஆசிரியர்கள் அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேல் வரிசைக்குக் கீழே யாரும் படிப்பதில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடமாக முப்பத்துச் சொச்சம் பிள்ளைகளை நாங்கள் சும்மா தொங்கவிட்டிருக்கிறோம்.

கடைசியில் அதைப் பார்த்தது என் மகள்தான். அம்மாவோடு திருக்கோஷ்டியூர் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"மார்க்க எதுக்குப்பா போட்டீக?"

அத்தனை நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. அக்கா சொன்னதைச் சொன்னேன். குரல் விஷயம் யார் சொன்னது என்று கேட்டாள். வாளி எடுக்கப் போனதை ஒப்புக்கொண்டேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு விரல் இடுக்கு வழியாகப் பார்த்து, எல்லாத்தையும் கேட்டீகளா என்றாள். கேட்டேன் என்றேன். நான் அன்று பேசியது தப்பு என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் கை சட்டைப் பையைத் தடவியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் அவளாகவே, தாளாளர் பார்த்தால் என்ன செய்வார் தெரியுமா என்று நடுக்கூடத்தில் நின்று நடித்துக் காட்டினாள். இரண்டு இருமல். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைப்பது. நான் என்ன சொல்ல வர்றேன்னா என்று ஆரம்பிப்பது. முப்பத்தொன்பது முத்துக்கு நடுவில் ஒரு, ஒரு, என்று வார்த்தை கிடைக்காமல் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பது.

மறுநாள் தாளாளரின் டிரைவர் கடைசிக் கட்டம் வரை படித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். தாளாளர் இரண்டு முறை இருமினார். கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். "நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "முப்பத்தொம்பது முத்து. அதுக்கு நடுவுல ஒரு, ஒரு" என்று நிறுத்தி மின்விசிறியைப் பார்த்தார்.

நான் சிரித்துவிட்டேன். நிறுத்த முயன்றபோது இன்னும் அதிகமாக வந்தது. பதினான்கு வருட சர்வீசில் அந்த அறைக்குள் நான் பல்லைக் காட்டியதே இல்லை. அவர் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கட்டத்தின் மேல் பள்ளிச் சின்னத்தை ஒட்டினார்கள். என்னை பஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். பஸ் எங்கே வருகிறது என்று கேட்கும் பெற்றோர்களுக்குப் பதில் சொல்வது அங்கே வேலை. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். மகள் பி.காம். சேர்ந்து, வழியில் இரண்டு பேப்பரை விட்டுப் பிடித்து முடித்து, மதுரையில் ஒரு அலுவலகத்தில் போனில் பேசுகிற வேலையில் இருக்கிறாள். நாள் முழுக்கத் தன் குரலிலேயே பேசவேண்டியிருப்பதுதான் கஷ்டம் என்கிறாள்.

மாற்றல் ஆனதும் மகளைக் கூட்டிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் பத்து நிமிடம் அவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, அவருடைய குல்லாவை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு அவரைப்போலவே பேசினாள். முதலாளி, பிரிண்டர் பையன், நான் எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நான் இப்படியா இழுத்து இழுத்துப் பேசுறேன் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அடுத்த ஒரு வாரம் ரொம்பச் சுருக்கமாகப் பேசினார்.

அதற்கு அடுத்த வருடம் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதால் கடையை விட்டுவிட்டு நாச்சியாபுரம் பக்கம் போய்விட்டார். பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். ஒரு சதுர்த்தி அன்று பிள்ளையார்பட்டியில், செருப்பு விடும் இடத்தில். குல்லா இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. தலையில் பாதி நரைத்திருந்தது. மகளை விசாரித்தார். பிறகு, ஒரு சேதி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருக்கிறார். ஒன்பதாவதோடு நின்றவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எதற்காக இப்போது என்று கேட்டேன். இத்தனை வருடமாக மார்க்கை மட்டும் அடித்துக் கொடுத்திருக்கிறோம், அப்படி என்னதான் கேட்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியதாம். பரீட்சை ஹாலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகளெல்லாம் எழுந்து குட்மார்னிங் மிஸ் சொல்லியிருக்கிறார்கள். இவரும் குட்மார்னிங் சொல்லிவிட்டு மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

நான்கு பாடத்தில் தேறிவிட்டார். கணக்கில் பதினெட்டு.

எனக்கு வாய்ப் பழக்கம் விடவில்லை. பெற்றோர்களிடம் சொல்வதைப்போல, துணைத்தேர்வு இருக்கிறது, விண்ணப்பித்தால் பாஸ் பண்ணிவிடலாம் என்றேன். பார்க்கலாம் என்றார். ஆனால் அவர் நினைப்பு வேறெங்கோ இருந்தது. கையை உயர்த்திக் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

"வட்டத்துக்குத் தொடுகோடு வரையச் சொல்லியிருந்தாகண்ணே. வட்டம் எனக்கு அம்புட்டு அழகா வந்துச்சு. கோடு எங்க தொடணும்னுதான் தெரியல. எங்க தொட்டா நல்லாருக்குமோ அங்க தொட்டுட்டேன்."